போகாமல் விட்ட வீடு

தில்லிக்கு வந்த முதல் ஆண்டில் நான் நன்றாகப் பிரசங்கம் செய்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது புரிய வேண்டுமானால் இதையும் சொல்லியாக வேண்டும்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. திருநெல்வேலிப் பக்கம் இரண்டு கிராம சபைகளில் உதவிக் குருவாக இருந்துவிட்டு, இருபத்தொன்பது வயதில் தில்லியில் ஒரு தமிழ்ச் சபைக்கு ஆயராக வந்திருந்தேன். சபைக்குச் சொந்தக் கோயில் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்துக் கோயில் ஒன்றில் காலையில் ஆங்கில ஆராதனை நடக்கும், அது முடிந்து இந்தி ஆராதனை. மாலை நான்கு மணிக்குமேல்தான் எங்களுக்கு இடம். வருகிறவர்களில் பெரும்பாலோர் மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள். மோதி பாக்கிலிருந்தும் லோதி காலனியிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து இந்தியில் கிசுகிசுத்துக்கொள்ளும். ஆனால் பெரியவர்களுக்கு வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் நல்ல தமிழ் காதில் விழ வேண்டும். நான் அதைக் கொடுத்தேன். அவர்கள் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்துவிட்டது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாட்களையும் பிரசங்கத்துக்கென்று ஒதுக்கினேன். அந்த நாட்களில் யார் வீட்டுக்கும் போகமாட்டேன். போகல் என்ற பகுதியில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் இருந்த இரண்டு அறைகளில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். அவள் அரசு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். அவள் ஷிப்டுக்குப் போனபின் நான் மேசையில் உட்கார்ந்து எழுதுவேன், அடிப்பேன், திரும்ப எழுதுவேன். வேதத்தைத் திறந்தால் பிரசங்கத்துக்கு என்ன கிடைக்கும் என்றுதான் கண் தேடும். முழங்காலில் நின்றால் ஜெபம் வராது, ஞாயிற்றுக்கிழமைக்கான வாக்கியங்கள் வரும். அது ஒரு குறை என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை மாலை, கீழ் வீட்டுக்காரர் டெலிபோன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார். பேசியவர் எங்கள் சபைச் செயலர். நாசரேத் பக்கத்துக்காரர், லோதி காலனியில் குடியிருந்தார், ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாளும் நம் சபையைச் சேர்ந்தவர்தான் என்றும், ஜங்புராவில் நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் கரையை ஒட்டிய ஜுக்கியில், குடிசைப் பகுதியில், இருக்கிறார் என்றும், அவருடைய கணவருக்கு உடம்பு முடியவில்லை என்றும் சொன்னார்.

"ஐயா வந்து ஜெபிக்கணும்னு கேட்டாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை ஆராதனைய முடிச்சிட்டுப் போனாப் போதும்."

அவசரமில்லை என்பதை நான் உடனே நம்பினேன். எனக்கு அது வசதியாக இருந்தது. என் வீட்டிலிருந்து அந்த ஜுக்கி பதினைந்து நிமிட நடை.

ஞாயிறு மாலை, பிரசங்கம் முடிந்து, சொன்னபடியே போனேன். சந்து முனையிலேயே ஆட்கள் நின்றார்கள். அந்த அம்மாளின் கணவர் சனிக்கிழமை மத்தியானமே இறந்துபோயிருந்தார். முனிசிபாலிட்டிக்குச் சாக்கடை வெட்டும் வேலை செய்தவர், நுரையீரல் கெட்டிருந்தது. ஐயா வருவார் என்றுதான் எடுக்காமல் வைத்திருக்கிறோம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத் தகவலாகத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை அடக்க ஆராதனையை நடத்தினேன். வார்த்தைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த அம்மாள் அழவில்லை. மண் போட்டு முடியும்வரை குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். அவருக்கு நாற்பது வயதிருக்கும். வந்தவாசிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் தில்லிக்கு வந்தவர். பிள்ளைகள் இல்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டு, தகரப் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு வேதப்புத்தகத்தை எடுத்தார். ஊர்க் கோயிலில் கல்யாணத்தன்று கொடுத்தது. பக்கங்கள் ஒட்டிக்கொண்டு புதிதாகவே இருந்தன.

"வெள்ளிக்கிழமை பூரா கேட்டுக்கினே இருந்தாருய்யா, ஐயா வந்துட்டாரா, ஐயா வந்துட்டாரான்னு. வருவாரு வருவாருன்னேன். அப்பறம், நீயாச்சும் எடுத்துப் படிடின்னாரு. எனக்கு எங்க படிக்கத் தெரியும்? அவருக்கும் தெரியாது. தொறந்து மடியில வச்சிக்கினு ஒக்காந்திருந்தேன். அவரு என் வாயையே பாத்துக்கினு இருந்தாரு."

பொய் சொல்லியிருக்கலாம். செய்தி எனக்குத் தாமதமாக வந்தது என்று நான்கு வார்த்தையில் முடித்திருக்கலாம். உள்ளுக்குள் அந்த வாக்கியம் தயாராகவே இருந்தது. அதை விழுங்கினேன்.

"வியாழக்கிழமையே எனக்குச் செய்தி வந்துடுச்சும்மா. பிரசங்கம் எழுதிக்கிட்டு இருந்தேன். வரணும்னு நினைச்சிருந்தா வந்திருக்கலாம். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமையா" என்றார். பிறகு, "மன்னிக்கிறத அப்பறம் பாத்துக்கலாம்யா. எனக்குப் படிக்கக் கத்துக்குடுங்க."

ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் முதல் வீட்டு வேலைக்கு நேரத்தோடு போக முடியும். ஐந்தரைக்கு வருகிறேன் என்றேன். திரும்பி வந்து என் மனைவியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முதல் வாரம் யார் வேணும்னாலும் போவாங்க. எட்டாவது வாரம் நீங்க எழுந்திரிக்கிறீங்களான்னு பார்க்கிறேன்" என்றாள். அவள் நோயாளிகளிடமும் இப்படித்தான் பேசுவாள். என்னை நன்றாகத் தெரிந்துதான் அதைச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது, அது வேண்டியிருந்தது.

தில்லியில் தமிழ் அரிச்சுவடிக்கு எங்கே போவது? மந்திர் மார்க்கில் இருந்த தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிடித்து, முதல் வகுப்புப் புத்தகம் ஒன்றும் இரண்டு சிலேட்டும் வாங்கினேன். மறுநாள் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு ஐந்தேகாலுக்குக் கிளம்பினேன். பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பால் பூத் வரிசையில் நின்றவர்களின் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. நாலாவின் நாற்றமும் அங்கீட்டிக் கரியடுப்புகளின் புகையும் வந்ததும் இடம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

முதல் மாதம் வெறுப்போடுதான் நடந்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. குற்ற உணர்ச்சி ஒரு வாரம் தள்ளிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு குளிர்தான் பெரிதாகத் தெரிந்தது. ஆனாலும் போனேன். அந்த அம்மாள் கற்றுக்கொள்வதில் வேகம் கிடையாது. சிலேட்டுக் குச்சியைத் துடைப்பம் மாதிரிப் பிடிப்பார். 'ண'வும் 'ன'வும் அவரை இரண்டு வாரம் அழவைத்தன. அழுதுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடியும் எழுதுவார். ஒருநாள்கூட இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் சொல்லாதபோது நான் எப்படிச் சொல்வது?

பாடம் முடிந்ததும் ஜெபம். முதலில் நான்தான் செய்தேன், பிரசங்க பீடத்தில் நிற்பதுபோல நீளமாக. ஒருநாள் அவரைச் செய்யச் சொன்னேன். அறுநூற்றுச் சொச்சம் நம்பர் பஸ்காரன் ஸ்டாப்பில் நிறுத்த வேண்டும், மூன்றாவது வீட்டு மேம்சாப்புக்குக் கோபம் வராமல் இருக்க வேண்டும், கூரைத் தகரம் இந்தக் காற்றுக்குத் தாங்க வேண்டும், ஐயாவுக்குச் சளி குறைய வேண்டும். அவ்வளவுதான், ஆமென். நான் கண்ணைத் திறக்காமல் அப்படியே இருந்தேன். எனக்காக, என் சளிக்காக, யாரோ கடவுளிடம் பேசியிருக்கிறார்கள். நானோ ஒரு வருஷமாக யாருடைய பஸ்ஸுக்காகவும் யாருடைய கூரைக்காகவும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து அந்தப் பதினைந்து நிமிட நடையில் ஜெபிக்கத் தொடங்கினேன். சபையிலுள்ள வீடுகளை வரிசையாக நினைத்து, அந்தந்த வீட்டின் சிறிய தேவைகளைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். பல வீடுகளில் என்ன தேவை என்றே எனக்குத் தெரியவில்லை. தெரியாத வீட்டுக்கு அந்த வாரமே போனேன். வியாழன், வெள்ளி, சனியிலும் போனேன். பிரசங்கம் சுருங்கியது. முன்போல யாரும் கையைப் பிடித்துப் பாராட்டவில்லை. அது கொஞ்ச நாள் வலித்தது, பிறகு விட்டுவிட்டது.

கோடைக்குள் பக்கத்துக் குடிசைகளிலிருந்து இன்னும் நான்கு பெண்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அடுத்த குளிர் வந்தபோது அந்த அம்மாள் எழுத்துக்கூட்டி வேதம் வாசித்தார். மேய்ப்பனைப் பற்றிய சங்கீதத்தை முதன்முதலாக முழுவதும் வாசித்த அன்று அவர் வேலைக்குப் பிந்திவிட்டார். இன்னொரு நாள் 'உபத்திரவம்' என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நின்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். கஷ்டம் என்றேன். "கஷ்டம்னே போட்டிருக்கலாமேய்யா, நம்பளுக்குத் தெரிஞ்ச சங்கதிதான" என்றார்.

ஒன்றரை வருஷம் ஆனபின், கோயிலில் ஒருநாள் வேதபாடம் வாசிக்க வேண்டும் என்று அவரே கேட்டார். ஜுக்கியிலிருந்து வருகிறவர்கள் மாலை வேலைக்குப் பிந்தி வருவதாகச் சொல்லிவைத்துவிட்டு, எப்போதாவது ஒரு ஞாயிறு வந்து கடைசிப் பெஞ்சில் உட்காருவார்கள். பிரசங்கம் முடிவதற்குள் எழுந்து போய்விடுவார்கள். அவர்களில் யாரும் அதுவரை முன்னால் வந்து வாசித்ததில்லை. அடுத்த மாதப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தேன்.

பட்டியலைத் தட்டச்சு செய்வது செயலரின் பொறுப்பு. அதைப் பார்த்ததும் மறுநாளே என் மாடிக்கு ஏறி வந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. சபையின் கணக்கும் கடிதமும் அவரால்தான் ஒழுங்காக நடந்தன. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு பேசினார்.

"ஐயா, அவங்க படிக்கிறது நல்ல காரியம்தான். அத நான் குத்தம் சொல்லல. ஆனா ஆராதனையில எழுத்துக்கூட்டி வாசிச்சா, கேக்கிறவங்க என்ன நினைப்பாங்க? பெரிய பெரிய ஆபீசர்லாம் வாராங்க. சபைல பேசிக்கிடுதாங்க."

யார் பேசிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கிறவர் அங்கே நிற்பதுதான் பிரச்சினையோ என்றும் கேட்கவில்லை. "அவங்க வாசிப்பாங்க ஐயா. அதுக்கு நான் பொறுப்பு" என்று மட்டும் சொன்னேன். அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்த ஞாயிறு அம்மாள் துவைத்த நீலப் புடவையில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினார். பதின்மூன்று வசனங்கள். வரியின்மேல் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஒரு குழந்தை சிரித்தது. அவர் நிறுத்தினார். இறங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. விரலை அந்த வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் வாசித்தார். என் கையிலிருந்த பிரசங்கத்தில் பாதியை நான் அப்போதே மடித்து வைத்துவிட்டேன். வாசித்து முடித்தபின் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையாட்டினேன், இறங்கினார். கடைசிப் பெஞ்சில் இருந்த பெண்கள் அவருக்கு நகர்ந்து இடம்விட்டார்கள்.

மறுநாள் காலையில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார். செயலர் வீட்டில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆராதனை முடிந்த கையோடு செயலரின் மனைவி சொல்லியிருக்கிறார். இப்போதே போய்க் கேட்கிறேன் என்று எழுந்தேன்.

"போவாதீங்க" என்றார். "எனக்காகப் போறீங்களா, உங்க கோவத்துக்காகப் போறீங்களா? ஒரு வீடு போனா இன்னொரு வீடு கெடைக்கும். ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். அடுத்த ஞாயிறு முதல் செயலர் ஆராதனைக்கு வரவில்லை. அவரோடு இன்னும் இரண்டு குடும்பங்கள் நின்றுவிட்டன. கமிட்டியில் என்னை வருத்தம் தெரிவிக்கச் சொன்னார்கள். யாரையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன், ஆனால் அந்த அம்மாள் தன் முறை வரும்போது மறுபடியும் வாசிப்பார் என்றேன். வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுக்கொண்டு போய்விடலாமே என்று ஒருவர் அன்பாகவே சொன்னார். போகமாட்டேன் என்றேன்.

போகமாட்டேன் என்று சொல்வது எளிது. செயலரும் என் மந்தைதான். என் காலை நடையில் அவர் வீடு வரிசையில் எட்டாவது. ஏழாவது வீடு முடிந்ததும் என் வாய் கட்டிக்கொள்ளும். தாண்டிப் போய்விடலாம் என்று தோன்றும். தாண்டுவதில்லை என்று தீர்மானித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்வேன். அவருடைய ரத்த அழுத்தம், மகளுக்கு அமையாத வரன், அவருக்கு வராமல் நிற்கும் பதவி உயர்வு எல்லாவற்றையும் சொல்வேன். அன்பு வரவில்லை. மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்கும் போனேன். தேநீர் கொடுப்பார். வெயிலைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசுவோம். ஜெபிக்கட்டுமா என்று கேட்பேன், தலையாட்டுவார். அவர் மனைவி உள்ளறையை விட்டு வரமாட்டார். ஐந்து மாதம் இப்படிப் போனது. நான் செய்வது வெறும் பிடிவாதமோ என்றுகூடச் சில நாள் சந்தேகம் வந்தது. பிடிவாதமாகவே இருக்கட்டும் என்று போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் என் மனைவி மருத்துவமனையிலிருந்து போன் செய்தாள். செயலருக்கு மார்வலி, அவளுடைய மருத்துவமனையில்தான் சேர்த்திருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். வராந்தாவில் தரையெல்லாம் நோயாளிகள். அவருக்குக் கட்டில் கிடைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், வெள்ளிக்கிழமையாயிற்றே, பிரசங்க வேலை இல்லையா என்று கேட்டார். அது கிடக்கட்டும் என்றேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"அன்னைக்கு அவசரமில்லன்னு நான்தான் சொன்னேன் ஐயா. அந்தம்மா புதன்கிழமையே எங்க வாசல்ல நின்னு அழுதாங்க. உடனே ஐயாவ வரச் சொல்லுங்கன்னாங்க. நான் ஒருநாள் கழிச்சித்தான் உங்களுக்குப் போன் போட்டேன். வேலை மும்முரம். அவங்க வாசிக்க நின்னப்போ என்னால அந்த முகத்தப் பாக்க முடியல."

அவ்வளவு நாளும் அவரைச் சாதித் திமிர், பதவித் திமிர் என்று மனதுக்குள் எத்தனை பெயர் சொல்லித் திட்டியிருந்தேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கலாம். ஆனால் இது எனக்குத் தெரியாது.

"கேட்டுட்டுப் போகாதவன் நான்தான் ஐயா" என்றேன். "பதினைஞ்சு நிமிஷ நடை."

பிறகு ஜெபித்தேன். அந்த எட்டாவது வீட்டுக்கு என் வாய் அன்று தானாகவே திறந்தது.

உடம்பு தேறி மூன்று மாதம் ஆனபின் அவர் ஒரு காலையில் என்னோடு ஜுக்கிக்கு வந்தார். நாலாப் பாலத்தில் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். அம்மாள் பாயைத் தட்டிப் போட்டார். செயலர் உட்காராமல் நின்றபடியே, என்னிடம் சொன்னதை அவரிடமும் சொன்னார்.

"எனக்கு அப்பவே தெரியும்யா" என்றார் அம்மாள். "ஐயா வந்து வியாழக்கிழமைதான் சேதி வந்திச்சின்னாரு. நான் உங்ககிட்ட சொன்னது புதன்கிழமை. எனக்கு எழுத்துதான் தெரியாது, கெழம தெரியும்."

"தெரிஞ்சுமா அவ்வளவு நாளா எங்க வீட்டுக்கு வந்தீங்க?"

"வேலைக்கு வராம? மனசுல வெறுப்பு வரக் கூடாதுன்னு ஜெபம் பண்ணிக்கினே வருவேன். சில நாளு வந்துடும். அன்னிக்குப் பாத்திரத்த டமால்னு வைப்பேன்."

செயலர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் பாயில் உட்கார்ந்தார். அவர் வீட்டிலிருந்து அம்மாளை மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். வேறு வீடு பிடித்துவிட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் செயலரின் மனைவியோடு நின்று பேசுவதைப் பார்த்திருக்கிறேன். போன இரண்டு குடும்பங்களில் ஒன்று திரும்பி வந்தது. மற்றொன்று வரவேயில்லை. அவர்கள் வீட்டுக்கும் கடைசிவரை போய்க்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு மாற்றலானபோது ஜுக்கியில் ஏழு பெண்கள் வாசித்தார்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அங்கேயே ஓர் ஆராதனை நடந்தது. அதற்கு அனுமதி கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதியவர் செயலர்தான். அம்மாள் என்னை மன்னித்துவிட்டதாக வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எனக்கு ஆள் அனுப்பிவிட்டு, நான் போய்ச் சேர்வதற்குள் அவரே போய் அங்கே உட்கார்ந்திருப்பார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் ஊழியம் செய்தேன். ஜெபம் எனக்கு எளிதாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போதும் பல காலைகளில் அது வறண்டுதான் கிடக்கிறது. அதற்காகக் காத்திருப்பதில்லை. எழுந்து முகம் கழுவி, வீடுகளை வரிசையாகச் சொல்கிறேன். எந்த வீட்டில் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லையோ, அந்த வீட்டுக்கு அன்றைக்கே போய்விடுகிறேன்.